குபேர கோலம் முதல் சுடோகு வரை

சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, சோழர் கடற்படை பற்றியோ, பல்லவர் சிற்பம் பற்றியோ எழுதித் தருவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது கட்டங்களைப் பற்றி. காகிதத்தில் நான்கு கோடு இழுத்து, அதற்குள் எண்ணோ எழுத்தோ நிரப்பச் சொல்லும் அந்தப் பொழுதுபோக்குக் கட்டங்கள்தாம். நான் கணித அறிஞன் அல்லன். வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டு பேரேடு புரட்டியவன். என் அம்மா கேட்ட ஒரு கேள்விக்குத் தவறான பதில் சொல்லிவிட்டேன். சரியான பதில் தெரியவந்தபோது கேட்க அம்மா இல்லை. இக்கட்டுரைக்கு அதுதான் காரணம்.

அப்பா காலமான பிறகு, 1981-இல் அம்மாவைக் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்கத்தாவுக்கு அழைத்து வந்தேன். லேக் மார்க்கெட் அருகே வாடகை வீடு. வெள்ளிக்கிழமைகளில் பூஜை அறையில் குபேர கோலம் போடுவாள். ஒன்பது கட்டம், ஒவ்வொன்றிலும் ஓர் எண், எண்ணின் மேல் ஒரு நாணயம், ஒரு பூ. மலரைப் படிக்கும் பலர் வீட்டில் இப்போதும் போடுகிறார்கள் என்பதால் எண்கள் தெரிந்திருக்கும்:

27 20 25
22 24 26
23 28 21

நேராகக் கூட்டினாலும், மேலிருந்து கீழே கூட்டினாலும், மூலைக்கு மூலை கூட்டினாலும் 72. "எப்படிக் கூட்டினாலும் குறையாதுடா, அதனாலதான் குபேரனுக்குப் பிடிக்கும்" என்பது அம்மாவின் விளக்கம். பேரேட்டில் நாலணா குறைந்தாலே ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார வேண்டிய எனக்கு, அந்த விளக்கம் ரொம்பவே பிடித்திருந்தது.

ஊரில் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசியவள் இங்கே வாய் அடைத்துப் போனாள். வங்காளம் தெரியாது, இந்தி தெரியாது, ஆங்கிலம் எழுத்துக்கூட்டக்கூட வராது. தமிழ்ப் பத்திரிகை கடைக்கு வந்து சேரத் தாமதமாகும். வந்தால் இரண்டே நாளில், குறுக்கெழுத்துப் போட்டி உட்பட, முடித்துவிடுவாள். பஸ்ஸில் எண்ணை வங்காள எழுத்தில் மட்டும் போட்டிருந்தால் தடுமாறுவாள். காலையில் வரும் ஆங்கில நாளிதழ் அவளுக்கு வெங்காயம் காயப்போட மட்டுந்தான்.

2005-ஆம் ஆண்டு அந்த நாளிதழின் கடைசிப் பக்கத்தில் சுடோகு வந்தது. முதல் வாரம் நான் திணறிக்கொண்டிருந்ததைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள், "ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும், வந்தது திரும்ப வரக் கூடாது, அவ்வளவுதானே? பென்சிலைக் குடு" என்றாள். அன்றிலிருந்து நாளிதழ் அவளுடையது. அவளுக்கென்று ஒரு சரிபார்ப்பு முறையும் இருந்தது. முடித்தபின் ஒவ்வொரு வரிசையையும் கூட்டுவாள். 45 வந்தால் சரி. (ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. தப்பாகப் போட்டும் 45 வர வழியுண்டு என்று சொல்லிப் பார்த்தேன். குபேர கோலம் போட்ட கைக்கு அது ஏறவில்லை.)

ஒரு நாள் கேட்டாள்: "இந்தக் கட்டத்தை யாருடா கண்டுபிடிச்சது?"

"ஜப்பான்காரன்மா" என்றேன்.

"ஏன், நம்ம ஊர்ல கட்டம் போடலையா?"

"அது வேறம்மா, இது வேற" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்கப் போய்விட்டேன்.

ஜப்பான் என்றது முதல் தவறு. சுடோகு என்ற பெயர்தான் ஜப்பானியம். பொருள் அமெரிக்கச் சரக்கு. 1979-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழ் ஒன்றில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் இது முதலில் வந்தது. அமைத்தவர் பெயர் புதிரோடு போடப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 'நியூயார்க் டைம்ஸ்' புதிர் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களை அடுக்கி வைத்துத் துப்பறிந்தார். ஒவ்வோர் இதழின் முன்பக்கத்திலும் அந்த மாதம் புதிர் அனுப்பியவர்களின் பட்டியல் இருக்கும். நம்பர் பிளேஸ் வந்த இதழ்களில் எல்லாம் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற பெயர் இருந்தது. வராத இதழ்களில் அந்தப் பெயர் இல்லை. கார்ன்ஸ் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர், ஓய்வு பெற்றவர். தாம் போட்ட கட்டம் உலகத்தைச் சுற்றி வரப்போவதை அறியாமலே 1989-இல் காலமானார். பெயர் தேடிய அந்த முறையே ஒரு கட்டப் புதிர்தான், பார்த்தீர்களா? ஒரு பக்கம் இதழ், மறுபக்கம் ஆள். இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் பெருக்கல் குறி.

டோக்கியோவில் நிகோலி என்ற புதிர் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்கி காஜி 1984-இல் இதைத் தம் இதழில் போட்டார். அவர் வைத்த பெயர் ஒரு நீளமான வாக்கியம். 'எண்கள் மணமாகாதவையாகவே இருக்க வேண்டும்' என்று பொருள். அதைச் சுருக்கியதுதான் சுடோகு. அம்மாவிடம் இதை மட்டும் சொல்ல முடிந்தது. "ஒன்பது பிரம்மச்சாரிகளா? ஒரே வீட்டிலா? உருப்பட்ட மாதிரிதான்" என்று சிரித்தாள். 1997-இல் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற நியூசிலாந்துக்காரர் வேய்ன் கோல்ட், டோக்கியோ புத்தகக் கடை ஒன்றில் இதைப் பார்த்து மயங்கி, புதிர்களைத் தானே உண்டாக்கும் கணினி நிரலை எழுத ஆறு வருடம் செலவிட்டார். 2004 நவம்பர் 12 அன்று லண்டன் 'டைம்ஸ்' இதழில் வந்தது. அடுத்த ஆண்டே என் வீட்டுக் கடைசிப் பக்கம்வரை வந்துவிட்டது. ஜப்பானில் சுடோகு என்ற பெயருக்கு நிகோலி வணிக உரிமை பெற்றிருந்ததால், மற்ற ஜப்பானியப் பதிப்பாளர்கள் இதை 'நம்பர் பிளேஸ்' என்பதைச் சுருக்கி 'நம்புரே' என்றே போட்டார்கள். ஜப்பானியருக்கு இங்கிலீஷ் பெயர், இங்கிலீஷ்காரருக்கு ஜப்பானியப் பெயர்! வெளியூர் போனால் பெயர் மாறுவது நமக்குப் புதிதில்லை. இங்கே என் பெயரை யார் சரியாக உச்சரிக்கிறார்கள்?

'நம்ம ஊர்ல கட்டம் போடலையா' என்ற கேள்விக்கு நான் தேடத் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். தேடத் தேட ஒன்று தெளிவாயிற்று. வெறும் எண்ணை மட்டும் வைத்த கட்டம் நம் கைக்குக் கடைசியில் வந்தது. அதற்கு முன் வந்த கட்டங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பொருளைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கின்றன.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வாசனைப் பொருள் தயாரிப்புக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதிலே பதினாறு அறை கொண்ட ஒரு கட்டம். ஒவ்வோர் அறையிலும் ஒரு சரக்கு: அகில், சந்தனம், கோரைக்கிழங்கு, பட்டை என்று இப்படிப் பதினாறு. ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்ற எண்ணும் உண்டு:

2 3 5 8
5 8 2 3
4 1 7 6
7 6 4 1

எந்த வரிசையை எடுத்தாலும், எந்த நிரலை எடுத்தாலும், மூலைவாட்டில் எடுத்தாலும் நான்கு சரக்கு, மொத்தம் 18 பங்கு. மத்தியில் உள்ள நாலு அறையைக் கூட்டிப் பாருங்கள், அங்கேயும் 18. ஒரே அலமாரியை வைத்துக்கொண்டு எத்தனை விதமான வாசனை கலக்கலாம் என்பதற்கான கடைக்காரர் கணக்கு இது. இந்தியாவில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய மாயச்சதுரங்களில் ஒன்று, கணித நூலில் வராமல் அத்தர் கடை வழியாக வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய ஆனந்தம்.

கஜுராஹோவில் பத்தாம் நூற்றாண்டுப் பார்சுவநாதர் சமணக் கோயில் வாயிலில் இன்னொரு பதினாறு அறைக் கட்டம் பொறித்திருக்கிறார்கள். அதன் கூட்டுத்தொகை 34. அதனால் 'சௌதீஸா' யந்திரம் என்றே பெயர். சுற்றுலா போகிறவர்கள் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது குழந்தைகளைக் கூட்டிப்போய் அதையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1356-இல் நாராயண பண்டிதர் 'கணித கௌமுதி'யில் இத்தகைய சதுரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நம் கும்பகோணத்துப் பிள்ளை ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் அத்தியாயம் மாயச்சதுரம்தான்.

தமிழ்ப் புலவர்கள் கட்டத்தில் எழுத்தை வைத்து ஆடினார்கள். தண்டியலங்காரம் சித்திரகவிகளைச் சொல்லும்போது சருப்பதோபத்திரம் என்ற வகையைக் கூறுகிறது. அடிக்கு எட்டெழுத்தாக நான்கு அடி. அறுபத்து நான்கு அறையில் அதை மேலிருந்து கீழாக ஒரு முறையும், கீழிருந்து மேலாக ஒரு முறையும் நிரப்பினால், நாலு பக்கத்திலிருந்தும் அதே பாட்டு வர வேண்டும். காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் வடமொழியில் இயற்றிய பாதுகா சகஸ்ரத்தில் இதைவிடக் கடினமான ஒரு வேலை இருக்கிறது. ஒரு சுலோகத்தின் முப்பத்திரண்டு அசைகளையும் நாலு வரிசை, எட்டு நிரல் கட்டத்தில் எழுதிக்கொண்டு, சதுரங்கக் குதிரை தாவுகிற வழியில் ஒவ்வோர் அறையாகப் படித்துப் போனால், அடுத்த சுலோகம் வந்து நிற்கும்! குதிரை ஓர் அறையையும் இரண்டு முறை மிதிப்பதில்லை. பொருளும் கெடுவதில்லை.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இவையெல்லாம் சுடோகுவின் நேர் மூதாதையர் அல்ல. மாயச்சதுரத்தில் கூட்டுத்தொகை முக்கியம். சுடோகுவில் கூட்டலே கிடையாது, திரும்ப வராமை ஒன்றுதான் விதி. 'எல்லாம் நம்மிடமிருந்து போனதே' என்று மேடையில் முழங்குவதற்கு இதில் இடமில்லை. திரும்ப வராமை என்ற அந்த விதியின் வழி வேறு. அந்த வழியில் தேடிக்கொண்டு போனபோதுதான், எனக்கு நம் ஊரே, அதாவது இந்தக் கல்கத்தாவே, எதிர்ப்பட்டது.

வரிசையிலும் நிரலிலும் ஒன்று ஒருமுறைதான் வரலாம் என்ற சதுரத்துக்கு லத்தீன் சதுரம் என்று பெயர். ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதை அதில் லத்தீன் எழுத்துகளை வைத்ததால் வந்த பெயர். 1782-இல் அச்சான அவருடைய கட்டுரையின் தொடக்கமே ஒரு கதைப் புதிர். ஆறு படைப்பிரிவு, ஒவ்வொன்றிலும் ஆறு பதவி, ஆக முப்பத்தாறு அதிகாரிகள். ஆறுக்கு ஆறு அணிவகுப்பில் அவர்களை நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே படைப்பிரிவுக்காரர் இருவர் வரக் கூடாது, ஒரே பதவிக்காரர் இருவரும் வரக் கூடாது. முடியாது என்றார் ஆய்லர். அத்தோடு நிற்காமல் 10, 14, 18 என்று போகும் அளவுகளிலும் முடியாது என்று ஊகித்தார். ஆறு விஷயத்தில் அவர் சொன்னது சரியே என்று 1900-ஐ ஒட்டி காஸ்தோன் தாரி என்ற பிரெஞ்சுக்காரர் நிரூபித்தார். மற்றவை ஊகமாகவே நின்றன.

அதற்குள் லத்தீன் சதுரம் வயலுக்கு வந்துவிட்டது. ஒரு வயலில் மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. ஐந்து வகை உரத்தை ஒப்பிட வேண்டுமானால், வயலை ஐந்துக்கு ஐந்து பாத்தியாகப் பிரித்து, வரிசைக்கு ஒருமுறை, நிரலுக்கு ஒருமுறை என்று ஒவ்வோர் உரத்தையும் போட்டால், மண்ணின் ஏற்றத்தாழ்வு எல்லா உரத்துக்கும் சமமாகப் பங்கிடப்படும். இங்கிலாந்தில் ஃபிஷர் வளர்த்த இந்த முறையை, 1931-இல் மகலநோபிஸ் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கையில் எடுத்தது. அங்கே சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராஜ் சந்திர போஸ். 1949-இல் அமெரிக்கா போன போஸ், தம் மாணவர் சரத்சந்திர ஶ்ரீகாண்டேயுடனும் எர்னஸ்ட் பார்க்கருடனும் சேர்ந்து, 1959-இல் ஆய்லரின் ஊகம் 10 முதல் எல்லா அளவுக்கும் பொய் என்று நிரூபித்தார். 'நியூயார்க் டைம்ஸ்' அதை முதல் பக்கத்தில் போட்டது. ஆய்லரைக் கவிழ்த்தவர்கள் என்று மூவருக்கும் செல்லப்பெயர். ஶ்ரீகாண்டே நூற்றிரண்டு வயது வாழ்ந்து 2020-இல் மறைந்தார்.

அந்த நிறுவனம் பின்னால் குடியேறிய வளாகம் பராநகரில், பி.டி. ரோட்டில் இருக்கிறது. நான் நான்கு வருடம் பராநகர்க் கிளையில் வேலை பார்த்தேன். தினமும் அந்த மதில் ஓரமாகப் போய்வந்தவன், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஜப்பான் என்றேன்!

சுடோகுவின் மூன்றுக்கு மூன்று சிறு கட்டங்களும் வயலில் முளைத்தவைதாம். 1956-இல் பெரன்ஸ் என்ற ஜெர்மானியர், லத்தீன் சதுர வயலை உட்பிரிவுகளாகவும் பிரித்து, ஒவ்வோர் உட்பிரிவிலும் எல்லா வகையும் ஒருமுறை வருமாறு அமைத்தார். கார்ன்ஸ் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. கட்டடக்காரருக்கும் விவசாயிக்கும் ஒரே கட்டம் தோன்றியிருக்கலாம். ஆய்லரின் முப்பத்தாறு அதிகாரிகளும் இன்னும் ஓய்வு பெறவில்லை. குவாண்டம் இயற்பியலின் விதிப்படி ஓர் அதிகாரி ஒரே சமயம் பல பதவிகளின் கலவையாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் அணிவகுப்பு சாத்தியமே என்று, சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சுஹைல் அகமது ராதரும் அருள் லட்சுமிநாராயணனும் போலந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2022-இல் காட்டினார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரே ஆள் பல பதவி பார்ப்பது வங்கியில் இருந்தவனுக்கு அதிசயமாகத் தெரியவில்லை.

இன்னொரு கிளையையும் சொல்லியாக வேண்டும். 1962 டிசம்பரில் 'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் ஒரு புதிர் வந்தது. வரிசையாக ஐந்து வீடு, ஐந்து நிறம், ஐந்து நாட்டுக்காரர். ஒவ்வொருவருக்கும் ஒரு பானம், ஒரு சிகரெட், ஒரு வளர்ப்புப் பிராணி. துப்புகளைப் படித்து, வரிக்குதிரை யாருடையது, தண்ணீர் குடிப்பவர் யார் என்று சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால் துப்புகளில் வரிக்குதிரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. மற்றவற்றையெல்லாம் கட்டத்தில் அடித்துக்கொண்டே வந்தால், மிச்சம் நிற்பதுதான் விடை. ஐன்ஸ்டைன் சிறுவயதில் எழுதியது என்று யாரோ கட்டிவிட்ட கதைக்கு ஆதாரம் கிடையாது. நம் நாட்டில் இது வங்கித் தேர்வில் 'வட்ட மேசையைச் சுற்றி எட்டு பேர்' என்று மாறி, பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பொழுதுபோக்கைப் பரீட்சையாக்க நம்மை மிஞ்ச ஆளில்லை.

அம்மா 2011-இல் போய்விட்டாள். அவள் பென்சில் என் மேசையில் இருக்கிறது. சுடோகுவுக்கு மொழி கிடையாது, கதை கிடையாது. அதனால்தான் அம்மாவால் கல்கத்தா நாளிதழை ஒரு மூலையிலாவது படிக்க முடிந்தது. என் பேத்தியின் நிலைமை நேர் எதிர். வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் சரளம். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் 'தாத்தா, நீ படி, நான் கேக்கறேன்' என்பாள். அவளுக்கு மொழியில்லாத கட்டம் உதவாது. கதை நிறைந்த கட்டம் வேண்டும்.

அப்போதுதான் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. திணைக்குத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளை அடுக்குகிறார்களே, அதைப் பள்ளியில் நாம் பட்டியலாக மனப்பாடம் செய்தோம். கோடு இழுத்துப் பார்த்தால் அது அப்படியே வரிக்குதிரைப் புதிரின் கட்டம்! சங்கத்து ஞாயிறு வகுப்பில் இதைப் புதிராகக் கொடுக்கலாம் என்றேன். செயற்குழுவில் ஒரு பெரியவருக்குச் சம்மதமில்லை. "விளையாட்டுக் காட்டித் தமிழ் சொல்லித் தர்றதா? நாம என்ன அப்படியா படிச்சோம்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. புதிரை விடுவித்த பிள்ளை பாட்டைப் படித்துவிடும் என்று என்னாலும் உத்தரவாதம் தர முடியவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்று விட்டார்கள்.

முதல் வாரம் கொடுத்தது இது. ஒரு சந்தைக்குக் குறவர் தேனோடும், ஆயர் மோரோடும், உழவர் நெல்லோடும், பரதவர் மீனோடும் வந்தார்கள். காசு கிடையாது, பண்டமாற்றுதான். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுபோனார்கள். தாம் கொண்டுவந்ததையே திரும்ப எடுத்துப்போனவர் யாருமில்லை. குறவரும் ஆயரும் மீன் வாங்கவில்லை. ஆயர் தேனும் வாங்கவில்லை. யார் எதைக் கொண்டுபோனார்? இந்தச் சந்தை என் கற்பனைதான் என்றாலும் வழக்கம் கற்பனையில்லை. தேன் விற்றவர் மீன் நெய் வாங்கிப்போனதைப் பொருநராற்றுப்படையும், ஆய்ச்சி மோர் கொடுத்துத் தானியம் பெற்றதைப் பெரும்பாணாற்றுப்படையும் சொல்கின்றன.

துப்புகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்தேன். வாசித்துக் காட்ட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். பதினோரு பிள்ளைகள், பதினோரு பென்சில். பத்து நிமிடம் எழுத்துக்கூட்டும் சத்தம்தான். 'கு...ற...வ...ர்'. ஒரு பையன் 'ஆயர்' என்பதை 'ஆயா' என்று படித்து, ஆயா ஏன் மீன் வாங்கவில்லை என்று கவலைப்பட்டான். என் பேத்தி முதலில் முடிக்கவில்லை, மூன்றாவதாக முடித்தாள். முடித்த தாளைக் கொண்டுவந்து, "தாத்தா, திணை அஞ்சுன்னு சொன்னே. பாலைக்காரர் ஏன் சந்தைக்கு வரலை?" என்றாள்.

"அவர் வழிப்பறி பண்றவர்மா. சந்தைக்கு வர மாட்டார். சந்தையிலேர்ந்து திரும்பிப் போறவங்களுக்காக வழியில காத்துக்கிட்டிருப்பார்."

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரிசைக்குக் கோடு இழுத்து, ஓர அறையில் 'எயினர்' என்று எழுத ஆரம்பித்தாள். 'யி'யா 'இ'யா என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.